மாட்டுக்குறியும் போன் செயலியும்

மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு மருமகன் தான் எழுதிய முதல் செயலியை அத்தானின் போனுக்கு அனுப்பினான். ‘வட்டைக் கணக்கு’ என்று பெயர் வைத்திருந்தான்; வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. அத்தானின் வயல் பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். விதைநெல், உரம், ஆட்கூலி, உழவு மெசின், வெட்டு மெசின் என்று எல்லாச் செலவையும் இத்தனை காலமும் ஒரு கொப்பியில்தான் எழுதி வந்தார். பாதிப் பக்கங்களில் சேறு.

வட்ஸ்அப்பில் வந்த கோப்பை அத்தான் தட்டினார். அவருடையது அன்ட்ரொய்ட் போன். தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி, ஆபத்தாக இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. மருமகன் அமைப்புகளுக்குள் போய் ஒரு பொத்தானை நகர்த்தினான். செயலி திறந்துகொண்டது.

“எனக்கும் ஒருக்கா போட்டுத் தா” என்று அக்கா தன் ஐபோனை நீட்டினார். மூத்தவன் சுவிசில் இருந்து அனுப்பிய போன் அது.

“அதுக்கு இப்படிப் போட ஏலாதும்மா. அந்தப் போன் ஓடவிடாது.”

“ஏன், போன் என்ட தானே?”

சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லப் போனால் போனின் சில்லு (சிப்) வரைக்கும் இறங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மாடுகளுக்குக் குறி சுடும் வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழிக் குலத்துக்கும், ஒரு குறி. மேய்ச்சல் தரையில் மாட்டைப் பார்க்கிற எவரும் அது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் குறி சுடும் இரும்பு அந்தக் குடியாரின் வீட்டில் மட்டும்தான் இருக்கும். வாசிப்பது எல்லாராலும் முடியும், போடுவது ஒருவரால் மட்டும். மென்பொருளுக்கு இடும் மின்னொப்பமும் இதே ஏற்பாடுதான். அங்கே இரும்புக்குப் பதிலாக இரண்டு திறப்புகள் (சாவிகள்) இருக்கின்றன. இரண்டும் மிகப் பெரிய எண்கள், கணக்கால் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒப்பமிடும் தனித் திறப்பு நிறுவனத்திடம் இரகசியமாக இருக்கும். ஒப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறப்பு எல்லாப் போன்களிலும் இருக்கும். பொதுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு தனித் திறப்பைக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் நடைமுறையில் முடியாது.

மாட்டுக்குறிக்கு ஒரு பலவீனம் உண்டு. கெட்டிக்காரக் கொல்லன் ஒருவன் அதே வடிவில் இன்னோர் இரும்பு செய்துவிடலாம். எந்த மாட்டில் சுட்டாலும் குறி ஒன்றுதான். மின்னொப்பம் அப்படியில்லை, மாட்டுக்கு மாடு மாறும். முதலில் செயலியின் கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்குள் போட்டு அரைத்து, 256 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) நீளமான ஒரு விரலடையாளம் எடுக்கிறார்கள். எஸ்எச்ஏ-256 என்பது அந்தக் கணக்கின் பெயர். ‘வட்டைக் கணக்கு’ செயலிக்குள் எங்கோ ஓரிடத்தில் 3 என்று இருப்பதை 8 என்று மாற்றிவிட்டு மறுபடி அரைத்தால், அந்த 256 பிட்டில் ஏறக்குறைய பாதி புரண்டு, வேறொரு விரலடையாளம் வந்துவிடும். தனித் திறப்பால் ஒப்பமிடுவது இந்த விரலடையாளத்தின் மேல்தான். ஆகவே ஒப்பம் வைத்த பிறகு கோப்பில் ஓர் எழுத்தை யாராவது தொட்டாலும் போன் கண்டுபிடித்துவிடும்.

சரி, சரிபார்க்கிற மென்பொருளையே ஒருவர் மாற்றிவிட்டால்? அப்பிள் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு பொறியியலாக உண்மையிலேயே அழகானது. ஐபோனின் சில்லைத் தொழிற்சாலையில் வார்க்கும்போதே அதற்குள் ஒரு சிறிய நிரலையும் அப்பிளின் பொதுத் திறப்பையும் பதித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அதை யாராலும் அழித்து எழுத முடியாது, அப்பிளாலும்கூட. போனை இயக்கியதும் முதலில் ஓடுவது அந்த நிரல். அது அடுத்த கட்ட நிரலின் ஒப்பத்தைச் சரிபார்க்கிறது. சரியாக இருந்தால்தான் அதை ஓடவிடும். அந்த நிரல் இயங்குதளத்தின் கருவைச் சரிபார்க்கிறது. கரு ஒவ்வொரு செயலியையும் சரிபார்க்கிறது. செயலியைத் திறக்கும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவதும் இல்லை. நிரல் பக்கம் பக்கமாக நினைவகத்துக்கு ஏறும்போது ஒவ்வொரு பக்கத்தின் விரலடையாளமும் ஒப்பிடப்படுகிறது.

அக்காவின் போன் ‘வட்டைக் கணக்கை’ ஏற்காததற்குக் காரணம் இந்தச் சங்கிலி. கடைசிக் கண்ணியில் அப்பிளின் ஒப்பமும் இல்லை, அப்பிள் அனுமதித்த ஒருவரின் ஒப்பமும் இல்லை.

‘அப்பிள் அனுமதித்த ஒருவர்’ ஆவதற்கு வழி உண்டு. ஆண்டுக்கு 99 டொலர் கட்டினால் செயலி எழுதுபவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 29,700 ரூபாய். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அது சின்னக் காசு இல்லை. காசு கட்டாமலும் ஒரு வழி இருக்கிறது. ஒரு மெக் கணினியில் போனைக் கொழுவி, இலவசக் கணக்கில் செயலியை ஏற்றலாம். அப்படி ஏற்றும்போது செயலியோடு ஓர் அனுமதிக் கடிதமும் போனுக்குள் போகும். எந்தச் செயலி, எந்தப் போன், என்னென்ன உரிமை, எந்தத் திகதி வரை என்று அதில் எழுதியிருக்கும். இலவசக் கணக்கின் கடிதத்துக்கு ஆயுள் 7 நாள். எட்டாம் நாள் செயலி திறக்காது. திரும்பவும் கொழுவி, திரும்பவும் ஏற்ற வேண்டும். படுவான்கரையில் வெட்டு நடக்கும்போது கிழமைக்கு ஒரு தடவை மெக் கணினி தேடிப் போகிற விவசாயி யார்?

இந்தக் கடிதத்தைக் கொடுத்தவரே திருப்பியும் எடுக்கலாம். 2019 ஜனவரியில் அது உலகத்துக்கே தெரிந்தது. நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்கு மட்டும் செயலி கொடுப்பதற்கென்று அப்பிள் ஒரு தனிச் சான்றிதழ் வழங்குகிறது. அதை வைத்துப் பேஸ்புக் வெளியாருக்கும் ஓர் ஆய்வுச் செயலியைக் கொடுத்தது, அது மக்களின் போன் பாவனையைக் கவனித்தது. அப்பிள் சான்றிதழை இரத்துச் செய்தது. பேஸ்புக் ஊழியர்களின் ஐபோன்களில் இருந்த உள்வேலைச் செயலிகள் எல்லாம் நின்றுபோயின. தவறு பேஸ்புக்கின் மேல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனத்தின் உள்வேலையையே இன்னொரு நிறுவனம் தூர இருந்து நிறுத்த முடிந்தது என்றால், களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டின் செயலி எந்த மூலைக்கு?

இந்தப் பூட்டால் நன்மையும் உண்டு. வட்ஸ்அப்பில் வரும் எந்தக் கோப்பையும் தட்டிவிடுகிற பெரியவர்கள் எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் செயலிகள் அப்படித்தான் நுழைகின்றன. அத்தானின் போனில் அந்தப் பொத்தானை நகர்த்தியபோது எனக்கும் மனதுக்குள் ஒரு பயம் இருந்தது. வேலை முடிந்ததும் அதை மூடச் சொன்னேன். மருமகன் மூடினான்.

ஆனால் ஒப்பம் இருப்பதாலேயே ஒரு செயலி நல்லது ஆகிவிடாது. 2015 இல் சீனாவில் செயலி எழுதுபவர்கள் பலர் செயலி கட்ட உதவும் அப்பிளின் எக்ஸ்கோட் கருவியை வேறு தளங்களிலிருந்து தரவிறக்கினார்கள். அந்தப் பிரதிகளில் யாரோ நஞ்சு கலந்திருந்தார்கள். அவற்றால் கட்டிய செயலிகளுக்குள் தீங்கு நிரல் தானாக ஏறியது, எழுதியவருக்கே தெரியாமல். எல்லாம் முறைப்படி ஒப்பம் பெற்று, பரிசீலனையில் தேறி, ஆப் ஸ்டோருக்குள் வந்துவிட்டன. ஒப்பம் சொல்வது இரண்டே விடயம்: இது இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை. உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்பதை அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. சில்லிலேயே ஓட்டை இருப்பதும் உண்டு. 2019 செப்டெம்பரில் வெளியான செக்மேட் என்ற ஓட்டை, ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான சில்லுகளின் அந்த முதல் நிரலிலேயே இருந்தது. அழித்து எழுத முடியாத இடம் என்பதால் இற்றைப்படுத்தல் அனுப்பி அடைக்கவும் முடியவில்லை.

தமிழர்களுக்கு இந்தப் பூட்டோடு ஒரு பழைய கதை இருக்கிறது. ஐபோன் வந்தது 2007 இல். வேறொருவர் செய்த விசைப்பலகையை அதில் போடுவதற்கு 2014 செப்டெம்பர் வரை, அதாவது ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 வரும்வரை, வழி இருக்கவில்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய, போனில் தமிழ் எழுத உதவும் செல்லினம் ஐபோனுக்கும் வந்திருந்தது. ஆனால் முதல் ஆண்டுகளில் அந்தச் செயலிக்குள் போய்த் தமிழில் தட்டி, நகலெடுத்து, வெளியே வந்து, செய்தியில் ஒட்ட வேண்டியிருந்தது. “சாப்பிட்டீங்களா” என்று அம்மாவிடம் கேட்பதற்கு இத்தனை படிகள். அன்ட்ரொய்டில் 2009 முதலே வெளி விசைப்பலகை போடலாம். ஐபோனுக்கு விசைப்பலகை செய்யத் தெரிந்தவர் இருந்தார். கதவுதான் திறக்கவில்லை.

அப்பிள் தயங்கியதற்கு ஒரு நியாயம் இருந்தது. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் விசைப்பலகைக்குத் தெரியும். பிறகு அதை எப்படித் தீர்த்தார்கள் என்று பாருங்கள். வெளி விசைப்பலகையை அனுமதித்தார்கள். பயனர் தனியாக ஒப்புதல் கொடுத்தாலொழிய அது இணையத்தைத் தொட முடியாது என்று வேலி போட்டார்கள். கடவுச்சொல் பெட்டிக்குள் போனால் அப்பிளின் சொந்த விசைப்பலகைதான் வரும் என்று வைத்தார்கள். கதவைத் திறந்துவிட்டு உள்ளே வேலி கட்டலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. செயலிகளை ஏற்றும் விடயத்திலும் அப்படி ஏன் செய்யக்கூடாது என்பதுதான் என் கேள்வி. போனின் சொந்தக்காரருக்கும் ஒரு திறப்பைக் கொடுக்கலாம், கணக்கில் அதற்குத் தடை ஏதும் இல்லை. எந்தப் பொதுத் திறப்பை நம்புவது என்று சில்லுக்குச் சொல்லிவைத்தது மனிதர்கள் எடுத்த முடிவு.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு அதைக் கொஞ்சம் அசைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் அங்கே வேறு செயலிக் கடைகளும் இயங்கலாம். அந்தச் செயலிகளுக்கும் அப்பிளின் ஒப்பம் ஒன்று வேண்டும் என்பதால் சங்கிலி அறுந்துவிடவில்லை. இலங்கைக்கு அந்தச் சட்டம் இல்லை. மறுபக்கம், அத்தானின் அன்ட்ரொய்டும் இறுகப் போகிறது. அடையாளத்தை உறுதிப்படுத்திய ஒருவர் எழுதிய செயலிகளை மட்டுமே கூகுள் சான்று பெற்ற போன்களில் சாதாரணமாக ஏற்றலாம் என்று கூகுள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடக்கம், பிறகு மற்ற இடங்கள். எதிர்ப்புக் கிளம்பியதும், ஆபத்தை அறிந்தே ஏற்றுகிறவர்களுக்கு ஒரு தனி வழி வைப்போம் என்றும் சொல்லியிருக்கிறது. ஒரு பொத்தானை நகர்த்திய அந்த நேரம் இனி எத்தனை நாளைக்கு என்று மருமகன் கேட்டான்.

அக்காவின் போனுக்கு அவன் வேறு வழி பார்த்தான். செயலியை ஓர் இணையப் பக்கமாக மாற்றி எழுதினான். உலாவியில் திறந்து, முகப்புத் திரையில் சேர்த்துவிட்டால் செயலி போலவே படவுருவோடு நிற்கும், யாருடைய ஒப்பமும் வேண்டாம். 2007 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் செயலி எழுதுபவர்களுக்குக் காட்டிய வழியே இதுதான். அடுத்த ஆண்டு ஜூலையில்தான் ஆப் ஸ்டோர் திறந்தது. இந்த வழியிலும் முழுச் சுதந்திரம் இல்லை. ஐபோனில் குரோம் போட்டாலும் ஃபயர்பொக்ஸ் போட்டாலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் வெளியே, உள்ளே ஓடுவது இணையப் பக்கங்களைக் காட்டும் அப்பிளின் வெப்கிட் இயந்திரம்தான். இணையப் பக்கத்துக்கு எதெல்லாம் முடியும் என்ற எல்லையை அதுதான் போடுகிறது. கூலிக்கணக்கு எழுத அந்த எல்லை போதுமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா விறாந்தையில் இருந்து வெட்டு மெசினின் மணித்தியாலக் கணக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தான் சேறுபட்ட கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். “மூணு மணித்தியாலம்” என்றார். அக்கா நிமிர்ந்து, “நேற்று நாலு எண்டு சொன்னீங்க” என்றார்.