ஸ்டாட்யூட்: பல்கலைக்கழகத்தின் நியதிச்சட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் பல்கலைக்கழக விவகாரம் பேசும் நம்மவர்கள் ‘ஆக்ட்’, ‘ஸ்டாட்யூட்’, ‘ரூல்ஸ்’ மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் மூன்றும் ‘சட்டம்’ என்று ஒரே சொல்லுக்குள் போய் அடைந்துவிடும். ஆக்ட் நாடாளுமன்றம் போடுவது. அது கொடுத்த அதிகாரத்தை வைத்துப் பல்கலைக்கழகம் தனக்குத்தானே எழுதிக்கொள்வது ஸ்டாட்யூட். அதற்கும் கீழே, தேர்வு, விடுதி, கட்டணம் என்று அன்றாடத்தை நடத்துவது ரூல்ஸ். யார் எழுதினார்கள், யார் மாற்றலாம் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு.

சொல்லின் வேர் லத்தீன். ‘ஸ்டாத்துவேரே’ என்றால் நிற்கவை, நாட்டு என்று பொருள். நாட்டப்பட்டது ‘ஸ்டாத்தூத்தும்’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. இன்ஸ்டிட்யூட், கான்ஸ்டிட்யூஷன் இரண்டும் இதன் உடன்பிறப்புகள். வடமொழியின் ‘ஸ்தா’ என்ற வேரும் இதே குடும்பம்தான். ஆக, நம் பெரியவர்கள் வாயில் புழங்கிய ‘ஸ்தாபனம்’ ஸ்டாட்யூட்டுக்குத் தூரத்துச் சொந்தம். தமிழின் நில், நிலை, நிறுவு எல்லாம் பொருளால் அருகில் வந்தாலும் வேறு குடும்பம். இதை வைத்து ‘லத்தீனே தமிழிலிருந்து வந்தது’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

ஆங்கிலத்தில் பொதுவாக ஸ்டாட்யூட் என்றால் நாடாளுமன்றம் இயற்றி எழுத்தில் இருக்கும் எந்தச் சட்டமும்தான். பல்கலைக்கழகப் பேச்சில் மட்டும் ஒரு படி இறங்கிவிடுகிறது. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுவே.

தென்னாப்பிரிக்காவில் இப்போது அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் தாய்ச்சட்டம் ஒன்றுதான்: 1997ஆம் ஆண்டின் 101ஆம் எண் உயர்கல்விச் சட்டம். ஒரு பல்கலைக்கழகத்தின் கவுன்சில், அதாவது அதை ஆளும் அவை, ஸ்டாட்யூட்டை எழுதும். உயர்கல்வி அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும். அரசிதழில் வந்தால்தான் செல்லும். சொந்த ஸ்டாட்யூட் இன்னும் எழுதாத நிறுவனத்துக்கு அமைச்சர் வகுத்த பொது மாதிரி ஒன்று பொருந்தும். கவுன்சிலில் குறைந்தது 60 விழுக்காட்டினர் அங்கே வேலை பார்ப்பவராகவோ படிப்பவராகவோ இருக்கக் கூடாது. பாடம், தேர்வு சம்பந்தமான பகுதியை, கல்வி விவகாரங்களைக் கவனிக்கும் அவையான செனட்டின் இசைவில்லாமல் கவுன்சில் தொட முடியாது. மாணவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் ஸ்டாட்யூட்டிலும் விதிகளிலும் சொன்ன முறைப்படிதான் நடக்க வேண்டும். பிள்ளைக்கு அப்படியொரு கடிதம் வந்தால் பெற்றோர் ‘சட்டத்தைக் காட்டு’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டியது ஸ்டாட்யூட்டை.

முன்பு இப்படி இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி ஆக்ட் இருந்தது. அதில் நம் சமூகத்தைத் தொட்ட கதை 1959இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு 45ஆம் எண்ணில் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்’. பெயர் விரிவாக்கம், செய்தது அடைப்பு. வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் மற்றவர்கள் அமைச்சரின் அனுமதி இல்லாமல் புதிதாகச் சேர முடியாது. ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் கல்லூரி. இந்தியர்களுக்கான கல்லூரி 1961இல் டர்பன் துறைமுகத்தில், கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்களில், சாலிஸ்பரி தீவில் திறந்தது. மாணவர்கள் படகேறித்தான் வகுப்புக்குப் போனார்கள். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இதே துறைமுகத்தில் இறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அந்தப் படகில் இருந்தார்கள். இத்தகைய கல்லூரிகளை மக்கள் ‘புஷ் காலேஜ்’ என்று இளக்காரமாகச் சொன்னார்கள். காட்டுக் கல்லூரி! தீவுக்கும் அதே பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சட்டத்தின் ஆட்சி அமைப்பைப் பார்த்தாலே அதன் மனசு தெரிந்துவிடும். உண்மையான கவுன்சில் அரசு நியமித்தது. பக்கத்தில் ‘ஆலோசனைக் கவுன்சில்’ என்று இன்னொன்று, இந்தியர்களுக்கு. யோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. பெயரில் கவுன்சில் என்று இருந்தால் போதாது, அதற்கு என்ன அதிகாரம் என்று எழுத்தில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1969இல் தனிச் சட்டம் போட்டு அந்தக் கல்லூரியை டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். பிறகு அது வெஸ்ட்வில் மேட்டுக்குப் போயிற்று. அங்கே தமிழும் பாடமாக இருந்தது. 2004 ஜனவரி 1இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயிற்று. இந்த இணைப்புக்குத் தனிச் சட்டம் தேவைப்படவில்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைச்சர் அரசிதழில் அறிவித்தாலே போதும்.

இனி, தமிழில் என்ன சொல்வது? இலங்கையில் மாகாண சபை இயற்றுவதற்கு ‘நியதிச்சட்டம்’ என்று பெயர். நாடாளுமன்றம் அல்லாத ஓர் அமைப்பு, மேலிருந்து கிடைத்த அதிகாரத்தின்படி இயற்றுவது அது. நம் ஸ்டாட்யூட்டுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ‘நியதி’ என்றதும் சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குத் தத்துவம் நினைவுக்கு வரும், மற்றவர்களுக்குத் தலைவிதி. ஆனாலும் சட்டம் என்ற சொல் பின்னால் வருவதால் பொருள் தடுமாறாது. ‘நிலைச்சட்டம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். லத்தீன் வேருக்கு அது நெருக்கம்தான். ஆனால் நிலையான, மாற்ற முடியாத சட்டம் என்று தோன்றிவிடும். மாற்றுவதற்கு வழி வைத்திருப்பதுதானே ஸ்டாட்யூட்டின் இயல்பு. என் ஓட்டு நியதிச்சட்டத்துக்கே.

கூடவே வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். செனட் என்ற சொல் லத்தீனில் ‘முதியவர்’ என்ற பொருளுள்ள ‘செனெக்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அதற்கு ‘மூதவை’ என்கின்றன. மூத்தோர் அவை, கச்சிதம். கவுன்சிலுக்கு அங்கே ‘பேரவை’. தமிழ்நாட்டிலோ செனட்டையே பேரவை என்று எழுதும் வழக்கம் உண்டு. இரண்டு ஊர்க் கட்டுரைகளையும் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும். தென்னாப்பிரிக்காவைப் பற்றி எழுதும்போது பேரவை, மூதவை என்ற இலங்கை ஜோடியை எடுத்துக்கொள்வது நல்லது. பழைய பல்கலைக்கழக ஆவணங்களில் வரும் ‘ஆர்டினன்ஸ்’ இன்னொரு வலை. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் அதை ‘அவசரச் சட்டம்’ என்று பெயர்த்தால், பட்டப்படிப்பின் பாடத்திட்ட ஒழுங்குகூட ஏதோ நள்ளிரவில் கையெழுத்தானது போல ஆகிவிடும். அந்த இடத்தில் ‘ஒழுங்குவிதி’ என்றால் போதும்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டும் என்று மனு எழுதுகிறவர்களுக்கும் இந்தப் படிவரிசை உதவும். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, சமூகங்கள் பேசும் மொழிகள் என்று பெயர் சொல்லும் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆனால் அங்கே கடமை நாட்டின் மொழி வாரியத்துக்கு, பல்கலைக்கழகத்துக்கு அல்ல. பல்கலைக்கழகத்தின் மொழிக் கொள்கையை, உயர்கல்விச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, மூதவையின் இசைவோடு பேரவை வகுக்க வேண்டும். மனு போக வேண்டிய முகவரி அதுதான். அந்த இரண்டு அவைகளிலும் யார் யார் உட்காரலாம் என்ற விவரம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நியதிச்சட்டத்தில் இருக்கும்.