ஃபண்ட் அக்கவுண்டிங்: நிதிக் கணக்கா, நிதியக் கணக்கியலா?

அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் வேலையைத் தமிழில் போட வேண்டும் என்றார்கள். அவள் வேலூரில் பி.ஏ. பொருளியல் படித்துவிட்டுச் சென்னையில் ஃபண்ட் அக்கவுண்டன்டாக இருக்கிறாள். எங்கள் பக்கத்தில் ‘ஃபண்டு’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது தீபாவளிச் சீட்டு. வேலை கிடைத்த புதிதில் என் அம்மா பேத்தியிடம் கேட்ட கேள்வியே, “வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்க வேண்டுமா, கண்ணு?” என்பதுதான்.

அச்சகத்துக்காரர் ‘நிதிக் கணக்காளர்’ என்று போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. தமிழ்நாட்டில் ‘நிதி’ இரட்டை வேலை பார்க்கிறது. நிதி அமைச்சர் என்னும்போது அது ஃபைனான்ஸ். வருங்கால வைப்பு நிதி, பரஸ்பர நிதி என்னும்போது ஃபண்ட். ஆகவே ‘நிதிக் கணக்காளர்’ என்றால் ஏதோ ஒரு கம்பெனியில் வரவு செலவு எழுதுபவர் என்றுதான் தோன்றும்.

ஃபண்ட் என்ற சொல்லின் மூலம் லத்தீனின் ‘ஃபுந்துஸ்’. அடி, அடித்தளம் என்று பொருள். நிலம், பண்ணை என்றும் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒரு காரியத்துக்கென ஒதுக்கிவைத்த பணம் என்றாயிற்று. நம் ‘நிதி’ வடசொல். புதையல், சேமித்த செல்வம் என்று பொருள். அகநானூற்றுப் பாடல் ஒன்று, மாந்தையில் சேரன் குவித்து, மண் தின்னும்படி விட்டுப்போன செல்வத்தை ‘நிதியம்’ என்கிறது. இரண்டு சொல்லுமே மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய நம் நாட்டுச் சட்டத்துக்குள்ளும் ‘நிதி’ போயிருக்கிறது: உறுப்பினர்களுக்குள்ளேயே வைப்பும் கடனும் நடத்தும் நிறுவனத்தை 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 406ஆம் பிரிவு ‘நிதி’ என்றே அழைக்கிறது. அக்கவுண்ட்டின் வேர், சேர்த்து எண்ணுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல். கம்ப்யூட்டருக்கும் அதுதான் வேர்.

இனி வேலைக்கு வருவோம். பலர் போட்ட பணத்தைத் திரட்டி ஒரு நிதியம் பங்குகளும் கடன்பத்திரங்களும் வாங்குகிறது. ஒவ்வொருவர் பங்கும் யூனிட் கணக்கில் இருக்கும். இன்று ஒரு யூனிட் என்ன பெறும் என்று சொல்வதுதான் இவர்கள் வேலை. சொத்து 104 கோடி ரூபாய், கொடுபட வேண்டியது 2 கோடி, யூனிட்டுகள் 4 கோடி என்றால், 102ஐ 4ஆல் வகுத்து 25 ரூபாய் 50 காசு. இதுவே நிகர சொத்து மதிப்பு, அலுவலகத்தில் என்.ஏ.வி.

வகுத்தல் எளிது. 104ஐயும் 2ஐயும் கண்டுபிடிப்பதில்தான் நாள் போகிறது. பங்குகளுக்கு அன்றைய முடிவு விலை போட வேண்டும். கம்பெனி லாபத்திலிருந்து தரும் டிவிடெண்ட் கைக்கு வராவிட்டாலும் உரிமை பிறந்த நாளிலேயே எழுத வேண்டும். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால் 102 கோடிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 28,000 ரூபாய். அதையும் அன்றன்றே கழிக்க வேண்டும். பிறகு, பத்திரங்களைக் காத்துவைத்திருக்கும் வங்கியின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ரெக்கன்சிலியேஷன் என்பதைச் சுருக்கி அவர்கள் ‘ரெக்கான்’ என்பார்கள். ஒத்துப்போகாத வரிக்கு ‘பிரேக்’ என்று பெயர். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் இப்படி ஒப்பிடுவதற்கு ‘சரிக்கட்டுதல்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. பேச்சுவழக்கில் அது அதிகாரியைச் சரிக்கட்டுவதாகிவிட்டது. சொல்லின் மேல் தப்பில்லை.

பொருளியல் படித்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. வட்டி ஏறினால் பழைய கடன்பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு விலை சந்தேகமாகத் தெரிந்தால் ஏன் என்று கேட்கும் பழக்கம் அந்தப் படிப்பில் வந்தது. பற்று, வரவு மட்டும் சுத்தமாகத் தெரியாது. பிளஸ் ஒன் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு முதல் ஆறு மாதம் திண்டாடினாள்.

இதே பெயரில் இன்னொன்றும் உண்டு. கோயில், அறக்கட்டளை, அரசு போன்ற இடங்களில் அன்னதானத்துக்கு வந்த பணத்தைத் திருப்பணிக் கணக்கில் கலக்காமல் தனித்தனியே எழுதுவதும் ஃபண்ட் அக்கவுண்டிங்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனால் சங்கடம்.

இலங்கைத் தமிழில் ஃபைனான்ஸுக்கு நிதி, ஃபண்டுக்கு நிதியம். அங்கே வைப்பு நிதிக்குப் பெயர் ஊழியர் சேமலாப நிதியம். நாமும் சர்வதேச நாணய நிதியம் என்று எழுதத்தான் செய்கிறோம். ஆகவே நிதியக் கணக்கியல், நிதியக் கணக்காளர் என்பதே என் தேர்வு. ஒரு ‘ய’ கூடினால் போதும்.

அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். “பணம் ஊரார் பணம், எழுதுவது மட்டும் இவள். அப்படியானால் கர்ணம் வேலை என்று சொல்லேன்” என்றார். எங்கள் வட ஆர்க்காட்டில், 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளை நீக்கும்வரை, ஊரார் நிலத்துக்கெல்லாம் கணக்கு எழுதியவர் கர்ணம். லத்தீன் ‘ஃபுந்துஸ்’ நிலம் என்று அம்மாவுக்கு நான் சொல்லியிருக்கவே இல்லை.

பத்திரிகையில் நிதியக் கணக்காளர் என்றே அச்சாகியிருக்கிறது. அச்சகத்துக்காரர் ‘ய’வை எழுத்துப்பிழை என்று இரண்டு முறை அடித்துவிட்டார், மூன்றாம் முறை நானே போய் உட்கார வேண்டியதாயிற்று.