கடைசி 300 மீட்டருக்கான கியர்

கோத்தகிரிப் பக்கம் என் மச்சினன் தேயிலை வைத்திருக்கிறான். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து அவன் வீட்டுக்கு 300 மீட்டர் மண்பாதை. மழை பிடித்துவிட்டால் சாதாரண வண்டி எதுவும் அதில் ஏறாது. கேஸ் சிலிண்டர் முதல் உர மூட்டை வரை எல்லாம் தோளில்தான் போகும். ஒரு மழைக்காலத்தில் அவன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டான், ஃபோர் வீல் டிரைவ் ஒன்று வாங்கியே தீருவதென்று.

வண்டி கிடைத்தது டெல்லியில். 10 வயது தாண்டிய டீசல் வண்டிகள் அங்கே ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. அதன்பின் அந்த வயதை நெருங்கிய டீசல் வண்டிகள் அங்கே விலை இறங்கி, தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களுக்குக் கிளம்பின. இதுவும் அப்படிக் கிளம்பிய ஒன்று. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம் என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, பிறகு அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். துணைக்கு நான்.

டெல்லியை விட்டுக் கிளம்பும்போதே தூறல். "நாலு சக்கரமும் இழுத்தா நல்லா பிடிப்பா இருக்கும்ல மாமா" என்று சொல்லி, கியர் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லிவரை 4எச்சுக்கு, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் நிலைக்குத் தள்ளினான். நானும் கவனிக்கவில்லை. குவாலியர் தாண்டியபோது சாலை காய்ந்து கிடந்தது. எதிர்ப்பக்கம் இருந்த தாபாவுக்காக யூ டர்ன் அடித்தான். பாதித் திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. டயர் கீச்சிட்டது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல வண்டி குதித்தது. சின்ன லிவரைத் திரும்ப, பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும் 2எச்சுக்கு இழுத்தால் அது அசையவே இல்லை.

"ஏமாத்திட்டாங்களா மாமா?" அவன் முகம் வெளிறிவிட்டது.

"வண்டி நல்லாதான் இருக்கு மாப்ள. ஸ்டியரிங்கை நேரா வச்சு பத்து மீட்டர் ரிவர்ஸ் எடு."

எடுத்தான். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். லிவர் தானாக வந்ததுபோல 2எச்சில் விழுந்தது.

என்ன நடந்தது என்று புரிய, களத்தில் போரடிக்கும் மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பத்தைச் சுற்றி வரிசையாகப் பிணைத்த மாடுகளில் உள்மாடு நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைக்கும்; வெளிமாடு ஓட்டமும் நடையுமாக வரும். எல்லாம் ஒரே கயிற்றில்தான் இருக்கின்றன, ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆனால் நடந்த தூரம் ஒன்றல்ல. திரும்புகிற வண்டியின் சக்கரங்களும் அப்படித்தான். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் இடைவெளி என்றால், ஒரு யூ டர்னில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டேதான் திரும்பும். மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் சக்கரங்களை எதுவும் சுழற்றுவதில்லை, அச்சில் தனித்தனியாக உருள்கின்றன. எஞ்சின் வந்து அச்சைச் சுழற்ற ஆரம்பித்ததும்தான் சிக்கல் வந்தது.

பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் 1827இல் தன் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற பல்சக்கர அமைப்பு அந்தச் சிக்கலை அவிழ்த்தது. அதுதான் டிஃபரன்ஷியல். நம் ஊர் மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சுருக்கமாகச் சொல்லும் உருண்டைக்குள் இருப்பது. இரண்டு பக்க அச்சுக்கும் நடுவில் தானும் சுழலக்கூடிய சிறு பல்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும். நேராகப் போகும்போது அவை சும்மா இருந்து இரண்டு அச்சையும் சேர்த்துத் தள்ளும். திரும்பும்போது அவை உருண்டு, உள்சக்கரம் இழந்த சுற்றை வெளிச்சக்கரத்துக்குக் கொடுக்கும். 200 வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் ஆட்டோவிலிருந்து லாரிவரை இதே யோசனைதான் ஓடுகிறது. மனிதர்கள் செய்த இயந்திரங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவற்றில் இது ஒன்று.

ஃபோர் வீல் டிரைவில் முன்னால் ஒரு கிரவுன், பின்னால் ஒரு கிரவுன். ஆக இடது வலது தகராறு தீர்ந்தது. மிச்சமிருப்பது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தகராறு. திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகும். ஈரத்தரையில் வண்டியைத் திருப்பிவிட்டு இறங்கிப் பார்த்தால் இரண்டு தடமும் தனித்தனியாகத் தெரியும். முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2.4 மீட்டர் இருக்கும் வண்டி, பின்னச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் வரும்படி யூ டர்ன் அடித்தால், முன்னச்சின் நடுப்புள்ளி 5.5 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரத்தில் வரும். வித்தியாசம் ஏறத்தாழ 1.7 மீட்டர், அதாவது முக்கால் சுற்று டயர். டயர் முக்கால் சுற்று சுழல, கிரவுனுக்கு வந்துசேரும் நீளமான தண்டு ஏறத்தாழ மூன்று முறை சுழல வேண்டும். அந்தத் தண்டுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட்.

இங்கேதான் முக்கியமான விஷயம். 4எச் போட்டதும், எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த இரண்டு தண்டுகளையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. முன்தண்டு மூன்று சுற்று அதிகம் கேட்கிறது, பூட்டு விடமாட்டேன் என்கிறது. சேற்றிலோ மணலிலோ ஏதாவது ஒரு டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கை நேர் செய்துவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. அந்த மூன்று சுற்றும் போக இடமில்லாமல் தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் முறுக்காக ஏறுகிறது. முறுக்கு அளவு மீறும்போது டயர் ஒரு குதி குதித்துத் தன்னை விடுவித்துக்கொள்ளும். நாங்கள் கேட்ட கீச்சும் பட்ட உதறலும் அதுதான். லிவர் நகராததற்குக் காரணமும் அந்த முறுக்கு பல்லைப் பல்லோடு அழுத்திப் பிடித்திருந்ததுதான். ரிவர்ஸ் எடுத்தபோது முறுக்கு அவிழ்ந்தது. அடிக்கடி இப்படிச் செய்தால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் சங்கிலியோ தண்டின் மூட்டுகளோ ஒரு நாள் போய்விடும்.

தேரை முனை திருப்பும்போது சக்கரத்தடியில் இரும்புத் தகடு போட்டு எண்ணெயோ கிரீஸோ தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரம் வழுக்கினால்தான் திரும்பும், அதனால் வழுக்குத் தரையை நாமே செய்து கொடுக்கிறோம். 4எச்சில் இருக்கும் வண்டியும் திரும்புவதற்கு அந்த வழுக்கலைத்தான் கேட்கிறது.

எல்லா வண்டியும் இப்படியல்ல. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் முன்தண்டுக்கும் பின்தண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியலை வைத்து, எந்நேரமும் நாலு சக்கரமும் இழுக்கும்படி வந்தது. இன்று ஆல் வீல் டிரைவ் என்று விற்கும் பல கார்களில் அந்த இடத்தில் கணினி இயக்கும் கிளட்ச் இருக்கிறது. அவற்றைக் காய்ந்த சாலையில் தாராளமாக ஓட்டலாம். ஆனால் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்சி, இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக இரண்டாம் உலகப்போருக்காக 1941இல் உருவான வில்லிஸ் ஜீப் எல்லாம் பூட்டும் ரகம்தான். புது வண்டி எடுத்தவர்கள் தங்களுடையது எந்த ரகம் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே அந்த லிவரையோ பட்டனையோ தொட வேண்டும். காட்டு வேலைக்கு எனக்குப் பிடித்தது பூட்டும் ரகம்தான். பாகங்கள் குறைவு, கிராமத்து மெக்கானிக்கே பிரித்துச் சரி செய்துவிடுவார்.

தாபாவில் சாப்பிடும்போது அவன் கேட்டான். "மழையில பிரேக் போட்டா, நாலு சக்கரமும் சேர்ந்து சீக்கிரம் நிக்காதா?" பலரும் நம்பும் விஷயம் இது, ஆபத்தான நம்பிக்கையும்கூட. எல்லாக் காருக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது வேகமும் டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வும் மட்டுமே. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி, உராய்வுக் குணகம் 0.7 இருக்கும் காய்ந்த தாரில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 36 மீட்டரில் நிற்கும். நனைந்து அது 0.4 ஆகிவிட்டால் 63 மீட்டர். எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ஈரச்சாலையில் ஃபோர் வீல் கிளம்புவதைச் சுலபமாக்கும், வளைவில் நிறுத்தித் தராது. போதாததற்கு இந்த வண்டிகள் உயரமானவை. எடை மேலே இருப்பதால் வேகமாக ஒடித்துத் திருப்பினால் காரைவிடச் சீக்கிரம் கவிழும்.

அன்று மதியம் முதல் 2எச்சில், 80ஐத் தாண்டாமல் வந்தோம். பெட்டி போன்ற வண்டிக்குக் காற்றுதான் பெரிய எதிரி. 80இலிருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. டீசல் அதில்தான் கரையும். சிவனிக்கும் நாக்பூருக்கும் இடையே பெஞ்ச் காடு. அங்கே விலங்குகள் அடியில் கடந்து போகட்டும் என்று சாலையையே தூண்களில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். எத்தனை பெரிய வண்டி வைத்திருந்தாலும் அங்கே மெதுவாகப் போகத்தான் மனசு சொல்கிறது.

நாக்பூரில் ஒரு நாள் தங்கி வண்டியைப் பார்த்தோம். இதை டெல்லியிலேயே செய்திருக்க வேண்டும். முதலில் டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. தரையைப் பிடிக்கும் கட்டை தேயாமல் நன்றாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டால் வெடிப்பு விடும். அதோடு நாலும் ஒரே அளவா என்றும் பார்க்க வேண்டும். முன்டயர் பின்டயரைவிட ஒரு சதவீதம் சிறியதாக இருந்தாலும் கிலோமீட்டருக்கு நாலு சுற்று வித்தியாசம் வரும். 4எச்சில் நேராகப் போனாலே முறுக்கேறும்.

அடுத்து எண்ணெய். எஞ்சின் ஆயிலை எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டு கிரவுன், ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னும் மூன்று இடத்தில் எண்ணெய் இருப்பது மறந்துவிடும். முன் கிரவுன் ஆயில் மோர் நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. அது உள்ளே போகும் விதம் சுவாரசியமானது. ஓடிச் சூடான கிரவுனுக்குள் இருக்கும் காற்று விரிந்திருக்கும். அப்படியே ஓடைக்குள் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். சூடான பாட்டிலை மூடிக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்வாங்குவதைப்போல. இதைத் தடுக்கத்தான் கிரவுனிலிருந்து மேலே ஒரு மெல்லிய காற்றுக்குழாய் போகிறது. எங்கள் வண்டியில் அது சேறடைத்துக் கிடந்தது. ஊதிச் சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றினோம். ஓடையில் இறங்கும் முன் கொஞ்சம் நின்று ஆறவிடுவது நல்லது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை. 300 மீட்டர் சொச்ச உயரத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அங்கும் 2எச்தான், தார்ச்சாலை, அதிலும் வளைவுக்கு வளைவு திருப்பம். திரும்ப இறங்கும்போது இரண்டாவது கியரில்தான் வர வேண்டும் என்று அவனுக்குச் சொல்லி வைத்தேன். 1,800 கிலோ வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியர் ஏந்திக்கொள்ளாவிட்டால் அதில் பெரும்பங்கு பிரேக்கின் தலையில் விழும்.

சாயந்திரம் தார் முடிந்தது. முந்தின நாள் பெய்த மழையில் 300 மீட்டரும் களியாகக் கிடந்தது. ஐந்தடி போனால் ஓரடி ஏறும் சரிவு. அந்தச் சரிவில் 1,800 கிலோ வண்டியைப் பிடித்து நிறுத்தவே 350 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஈரக்களியில் உராய்வு 0.3 என்று வைத்தால், பாதி எடையைச் சுமக்கும் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளினால் கிடைப்பது 270. போதாது, சுழன்று குழி பறிக்கும். நாலும் தள்ளினால் 540. ஃபோர் வீல் டிரைவின் பயன் முழுக்க இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

டிஃபரன்ஷியலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் அதற்குத் தேவை ஒன்றுமில்லை. அதே ஒன்றுமில்லாததுதான் எதிர்ச்சக்கரத்துக்கும் கிடைக்கும். அதனால் பாதை நடுவே அரித்திருந்த வாய்க்காலைக் குறுக்காகத் தாண்டாமல், சக்கரங்கள் தரையை விடாதபடி ஓரமாக ஏற்றச் சொன்னேன்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சின்ன லிவரை 4எல்லுக்குத் தள்ளினான். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இன்னொரு பல்சக்கர ஜோடி சேர்ந்து வேகத்தை இரண்டரை மடங்கு குறைத்து, முறுக்குவிசையை அதே அளவு கூட்டியது. முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே, மணிக்கு 3 கிலோமீட்டரில் வண்டி ஏறியது. பக்கத்தில் நடந்து வந்தவர்கள் எங்களை முந்திப் போனார்கள். டயர் ஒரு இடத்திலும் சுழலவில்லை.

அத்தை வாசலில் நின்றிருந்தார். முற்றம் சிமெண்ட் போட்டது, வண்டியை அதில் திருப்பி நிறுத்த வேண்டும். முற்றத்தின் விளிம்பில் அவனாகவே நிறுத்தினான். லிவரை 2எச்சுக்கு இழுத்தான். வரவில்லை. என்னைப் பார்க்காமலே ஸ்டியரிங்கை நேராக்கி, நாலடி பின்னால் எடுத்தான். 'டங்.' பிறகுதான் திருப்பினான்.