நெத்திலி காணாமல் போகும் ஆண்டு

பசிபிக் கடலின் கிழக்குப் பகுதி வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் எல் நினோ வந்தால், கடலின் மேற்பரப்பு எத்தனை டிகிரி சூடேறியது என்பதே செய்தியாகிறது. பெரு நாட்டு மீனவருக்கு அதைவிட முக்கியம், குளிர்நீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பது.

கடலின் மேலடுக்கு வெதுவெதுப்பானது, அடிநீர் குளிர்ந்தது. இடையில் வெப்பம் சட்டென்று இறங்கும் பகுதியை வெப்பச்சரிவு அடுக்கு என்கிறோம். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து வீசும் வாணிகக் காற்று, மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் தென் அமெரிக்கக் கரையைவிட அங்கே கடல்மட்டம் ஏறக்குறைய அரை மீட்டர் உயரம். வெப்பச்சரிவு அடுக்கோ மேற்கில் 150 மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்தும், கிழக்கில் சுமார் 50 மீட்டர் வரை மேலேறியும் கிடக்கும்.

பெருவில் தெற்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, அந்த இடத்துக்கு அடிநீர் எழுகிறது. அடுக்கு மேலே இருப்பதால் எழுவது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த குளிர்நீர். நுண்பாசி, அதை உண்ணும் நெத்திலி, நெத்திலியைத் தின்னும் நீர்க்காகம் எல்லாம் இதை நம்பித்தான்.

வாணிகக் காற்று தளரும்போது, மேற்கில் குவிந்த வெப்பம், கெல்வின் அலை எனப்படும் நிலநடுக்கோட்டை ஒட்டி நகரும் பெரும் கடல் அலையாகக் கிழக்கே கிளம்புகிறது. பசிபிக்கைக் கடக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். வந்து சேர்ந்ததும் வெப்பச்சரிவு அடுக்கைக் கீழே அழுத்திவிடும். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: கரைக்காற்று நின்றுவிடுவதில்லை, நீர் எழுவதும் நிற்பதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, குழாய் முனைதான் நல்ல நீரை எட்டவில்லை. மேலே வருவது சத்தில்லாத வெதுநீர்.

1970இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த பெருவின் நெத்திலிப் பிடிப்பு, 1972-73 எல் நினோவுக்குப் பின் சுமார் 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்தே கெடுத்தது. கலாபகஸ் தீவுகளில் பச்சை, சிவப்புப் பாசி அருகிப்போக, கடல் ஓணான்களின் உடல் 20 சதவீதம் வரை சுருங்கியதை அளந்திருக்கிறார்கள். மெலிவு அல்ல, நீளமே குறைந்தது!

தொடங்கிய சூடு ஏன் தணிவதில்லை? கிழக்கு சூடானால் இருபுறமும் உள்ள காற்றழுத்த வேறுபாடு குறையும். காற்று இன்னும் தளரும், கிழக்கு இன்னும் சூடாகும். 1969இல் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னெஸ் விளக்கிய சுழற்சி இது. மழை மேகமும் வெப்பநீரின் பின்னால் கிழக்கே நகர்வதால் இந்தோனேசியா வறள்கிறது, பெருவின் வடக்குப் பாலை வெள்ளக்காடாகிறது. எல் நினோவுக்கு எதிர்நிலையான லா நினாவில் காற்று வலுத்து எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும்.

1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலைத் தூசு செயற்கைக்கோள்களின் கண்ணை மறைத்தது. கடல் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரிந்தது. பெரும் எல் நினோ வளர்வது உரிய நேரத்தில் பிடிபடவில்லை. பிறகுதான் 500 மீட்டர் ஆழம் வரை வெப்பம் அளக்கும் சுமார் 70 மிதவைகளைப் பசிபிக்கில் நங்கூரமிட்டு, 1994இல் முடித்தார்கள்.

நம் மழைக்கு இதிலிருந்து நேர்க்கணக்குப் போட முடியாது. 2002இல் நடுத்தர எல் நினோவுக்கே இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை 19 சதவீதம் குறைந்தது. அதைவிட மிக வலுவான 1997இல் மழை இயல்பாகவே பெய்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி அந்த ஆண்டு வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததும் அதற்குக் கைகொடுத்தது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பெரும்பாலும் சாதகம், லா நினா பாதகம். ஆனாலும் 2021 லா நினா ஆண்டில் இங்கே இயல்பைவிட மிக அதிகமாகக் கொட்டியது.