காப்பகத்துக்கு நன்கொடை தருகிறீர்களா? முதலில் ஆயா சம்பளத்துக்குத் தாருங்கள்

வேலைக்குப் போகும் தாய்மார் பகலில் பிள்ளைகளை விட்டுப் போகும் ஒரு குழந்தைகள் காப்பகம் (கிரெஷ்) பாதுகாப்பானதா என்று தெரிய வேண்டுமானால் பகல் பன்னிரண்டரைக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எந்த இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். பன்னிரண்டரைக்குச் சோறு ஊட்ட வேண்டும். ஒரு பிள்ளை பேன்ட்டிலேயே போயிருக்கும், கழுவ வேண்டும். இன்னொன்று தூக்கம் வந்து அழும். இரண்டே ஆயாக்கள் என்றால் ஒருவர் பாத்ரூமில் இருப்பார், மற்றவர் கையில் தட்டு. கூடத்தில் இருக்கிற மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? கதவிடுக்கில் விரல் நசுங்கவும், வேர்க்கடலை தொண்டையில் சிக்கவும் அந்த ஐந்து நிமிடம் போதும்.

காப்பகத்துக்கு உதவ வருகிறவர்கள் சுவரில் கார்ட்டூன் வரைந்து தருகிறார்கள், சறுக்குமரம் வாங்கித் தருகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளையைக் காப்பது ஆள். ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். அதற்குப் பணம் தர முன்வருகிறவர்கள் மிகக் குறைவு. காப்பகங்கள் தடுமாறுவது இங்கேதான்.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்று வயதுக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்று முதல் ஆறு வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். இது குறைந்தபட்சம். தவழ்கிற வயதில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் இல்லாமல் முடியாது என்பது எங்கள் கணிப்பு. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும், திறந்ததிலிருந்து பூட்டும்வரை இரண்டு பெரியவர்கள் கட்டாயம். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், மற்றவர்களோடு இருக்க ஒருவர் வேண்டுமே.

சென்னை அம்பத்தூர் பக்கம் 20 பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம், காலை 8 முதல் இரவு 7 வரை என்று வைத்து, ஒரு மாதச் செலவுக்கு மாதிரிக் கணக்குப் போடுவோம். பொறுப்பாளர் 20,000, மூன்று ஆயாக்கள் தலைக்கு 15,000, சமையலுக்கும் சுத்தத்துக்கும் அரைநாள் ஆள் 10,000, லீவு நாளுக்கு மாற்று ஆள் 5,000. சம்பளமே 80,000 ஆகிவிட்டது. வாடகை 25,000. சாப்பாடு ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 40 ரூபாய் என்றால் 25 நாளுக்கு 20,000. கரண்ட், தண்ணீர் 7,000. சோப்பு, பினாயில், மருந்து, ரிப்பேர் 5,000. மொத்தம் 1,37,000. பிள்ளைக்கு 6,850 ரூபாய். வீட்டு வேலைக்குப் போகும் தாயால் ஆயிரம் தர முடிந்தாலே பெரிது. மீதி 5,850-தான் நாம் பேச வேண்டிய விஷயம்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து பிள்ளைகள் நின்றுவிட்டால் மிச்சமாவது சாப்பாட்டுச் செலவு 5,000 மட்டும். குறையும் வரவோ 34,250. உடனே ஒரு ஆயாவை நிறுத்துவார்கள். ஆகவே வந்த நாளுக்கு மட்டும் காசு என்று எந்தக் காப்பகத்தோடும் பேசாதீர்கள். ஒதுக்கிய இடத்துக்கு மாதக் கட்டணம் என்று பேசுங்கள்.

ஆட்களின் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதும் முக்கியம். பொறுப்பாளர், மூன்று ஆயாக்கள் என்ற நாலு பேரில் இரண்டு பேர் 8 முதல் 4.30 வரை, மற்ற இரண்டு பேர் 10.30 முதல் 7 வரை என்று வைத்தால், அந்தப் பன்னிரண்டரை மணிக்கு நாலு பேரும் இருப்பார்கள். காலையிலும் மாலையிலும் இரண்டு பேர்.

நேரத்தை வலியுறுத்தக் காரணம் உண்டு. மத்திய அரசின் பால்னா திட்டக் காப்பகம் மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் என்ற கணக்கில் நடப்பது. சென்னையின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ நகருக்குள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எட்டு மணி நேர வேலை, பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி. பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பால்வாடியும் அதுவரை திறந்திருப்பதில்லை. மிச்ச நேரத்தில் பிள்ளை எட்டு வயது அக்காவின் இடுப்பில் இருக்கும். அரசு காப்பகம் இருக்கும் இடத்தில் புதிதாக ஒன்று கட்டுவதைவிட, அங்கே மாலை மூன்று மணி நேரத்துக்கு இரண்டு பேரின் சம்பளத்தை ஏற்க அதிகாரிகளிடம் அனுமதி கேட்டுப் பார்ப்பது சிக்கனம்.

கம்பெனிகளுக்கு இது தர்மம் அல்ல, கடமை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், 50 பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றது. 50 என்பது ஆண், பெண் சேர்த்து. "எங்களிடம் பெண்கள் பத்துப் பேர்தானே" என்று ஒதுங்க முடியாது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இன் 67-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. பல நிறுவனங்கள் பணத்தைச் சேர்த்துப் பொதுக் காப்பகம் நடத்தவும் வழி விடுகிறது. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் முப்பது பேர் வேலை செய்யும் பட்டறைகள் நிறைய. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஐந்து பட்டறைகள் சேர்ந்து தலா நாலு இடம் எடுத்தால் ஒரு பட்டறைக்கு மாதம் 27,400 தான்.

கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர் பணம் கேட்பவர்கள் கவனிக்க: கம்பெனியின் சொந்த ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டுமான காப்பகம் சி.எஸ்.ஆர் கணக்கில் சேராது. பணம் வாங்கும் டிரஸ்ட் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவோடு, சி.எஸ்.ஆர் பணம் வாங்கப் பதிவு செய்யும் சி.எஸ்.ஆர்-1 படிவமும் போட்டிருக்க வேண்டும். ஒரு வருடத் திட்டமாக எழுதாமல் தொடர் திட்டமாக எழுதிக் கேளுங்கள். தொடங்கும் நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டுவரை நீளலாம். ஆயாவுக்கு அந்த நிச்சயம் இருந்தால்தான் நிலைப்பார். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை யாரிடமும் ஒட்டாது.

கட்டடத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. சென்னையில் சம்ப் இல்லாத வீடு அபூர்வம். லாரித் தண்ணீர் விட்டுவிட்டு மூடியைச் சரியாகப் போடாமல் போவார்கள். மூடிக்குக் கொண்டி அடித்துப் பூட்டு போடுங்கள், சாவி பொறுப்பாளரிடம் இருக்கட்டும். தண்ணீர் இறக்கும்போது பிள்ளைகள் உள்ளே, கதவு சாத்தியிருக்க வேண்டும். தவழும் பிள்ளைக்கு பக்கெட்டில் இரண்டு அங்குலத் தண்ணீரே ஆபத்து. பாத்ரூம் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், டிரம்மை வெளியே மூடி போட்டு வையுங்கள்.

தரைத்தளம்தான் நல்லது. ஆனால் மழைக்காலத்தில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வெளியேற இரண்டு வழி, அதில் ஒன்றிலும் பைக் நிறுத்தக் கூடாது. மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி வேண்டும், மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். சிலிண்டர் பிள்ளைகள் இருக்கும் அறைக்கு அருகே வேண்டவே வேண்டாம். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். சமையல்கட்டுத் தீதான் கூரைக்குத் தாவியது. மாடியில் ஓலையோ தட்டியோ போட்ட இடத்துக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் போக்சோ விதிகள் 2020-இன்படி ஊழியர் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், சமையல் ஆளும் வேன் டிரைவரும் உட்பட. கேமரா இருக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது. பிள்ளையை அழைத்துப் போகலாம் என்று தாய் எழுதிக்கொடுத்த பெயர்களுக்கு வெளியே மாமாவே வந்தாலும் அனுப்பக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 வாசலில் பெரிதாக எழுதியிருக்கட்டும்.

பணம் தருபவர் மாதம் ஒரு முறை மூன்று நோட்டுகளைக் கேட்டுப் பார்த்தால் போதும்: வருகைப் பதிவு, சம்பளம் கொடுத்த தேதி, அடிபட்ட விவரம். அடிபட்ட நோட்டு வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இருபது பிள்ளைகள் உள்ள இடத்தில் முட்டி சிராய்க்காத மாதம் கிடையாது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, மூன்று மாதச் செலவு, மேலே சொன்ன கணக்கில் 4,11,000 ரூபாய், தனிக் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு, உதவியை நிறுத்துவதானால் 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். தாய்க்கு வேறு இடம் தேடவும், ஆயாவுக்கு வேறு வேலை பார்க்கவும் அவ்வளவு நாளாவது தேவை.