நீக்கறவு: கரிம வரியை 'ரத்து' செய்வது என்றால் என்ன?

நடப்பில் உள்ள ஒரு சட்டத்தை, அதை இயற்றிய மன்றமே இன்னொரு சட்டத்தால் இல்லாமல் ஆக்குவது நீக்கறவு. அறவு என்றால் அற்றுப்போதல். பேச்சில் நாம் 'ரத்து' என்கிறோம். அது அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல். ரயில், கூட்டம், உரிமம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். வரி விஷயத்தில் அங்கேதான் குழப்பம் வருகிறது.

சோழர் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. வரி கட்டத் தேவையில்லாத நிலம் 'இறையிலி'. வரி அப்படியே இருக்கும், குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் விலக்கு. சுங்கத்தையே எடுத்துவிட்ட முதலாம் குலோத்துங்கனோ 'சுங்கம் தவிர்த்த சோழன்'. தவிர்த்தல் வேறு, விலக்கு வேறு.

தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு இந்த வேறுபாடு உயிர் கொடுத்துக் கற்ற பாடம். ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கிய கூலித் தொழிலாளர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி போட்டது. 1913இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சலுகை கேட்கவில்லை, வரியே போக வேண்டும் என்றார்கள். 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் அதை ஒழித்தது. அதுதான் முழுமையான நீக்கறவு.

இப்போது கரிம வரி. 'கார்பன்' என்பதன் மூலம் லத்தீனில் கரியைக் குறிக்கும் 'கார்போ'. நம் 'கரிமம்' கரியிலிருந்தே வந்தது, பொருத்தமான சொல். இலங்கைத் தமிழில் 'காபன்'. வெளியேறி புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுவுக்கு டன் கணக்கில் விதிப்பது இந்த வரி. டர்பனின் மெரபேங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகை பல தலைமுறைகளாக மூச்சை அடைத்ததே, அந்தக் கந்தகக் காற்றுக்கான தண்டம் இது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு வேறு சட்டம்.

தென்னாப்பிரிக்காவில் 2019 ஜூன் 1 அன்று டன்னுக்கு 120 ராண்ட் என்று தொடங்கியது, 2025இல் 236 ராண்ட். ஆனால் முதல் கட்டத்தில் ஆலைகளுக்கு 60 முதல் 95 விழுக்காடு வரை கழிவு இருந்தது. ஆகவே தொடக்கத்தில் உண்மையில் விழுந்த சுமை 6 முதல் 48 ராண்ட்தான். அதாவது பெரும்பகுதி ஏற்கெனவே இறையிலி! பங்கில் பெட்ரோல் போடும் நமக்கோ அது லிட்டர் விலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் 'ரத்து செய்' என்று மட்டும் எழுதும் செய்தி பாதிச் செய்தி.

வெளிநாட்டுச் செய்தியிலும் சொல் பார்த்துப் போட வேண்டும். ஆஸ்திரேலியா 2012இல் கொண்டுவந்ததை 2014 ஜூலையில் டோனி அபாட் அரசு சட்டம் இயற்றி ஒழித்தது. அது நீக்கறவு. கனடாவில் பிரதமர் மார்க் கார்னி 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோருக்கான கரிமக் கட்டண அளவைச் சுழியாக்கினார். பெரிய ஆலைகளுக்கான கட்டணம் தொடர்ந்தது. அதை 'நுகர்வோர் கட்டணம் சுழியாக்கம்' என்று எழுதுவதே சரி.

தென்னாப்பிரிக்காவில் கரிம வரிக்கு நீக்கறவு கேட்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரும்பு, அலுமினியம் போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோனால், 2026 முதல் எல்லையில் கரிமக் கட்டணம் உண்டு. உற்பத்தி செய்த நாட்டிலேயே கட்டிய கரிம வரி அதில் கழியும். பிரிட்டோரியாவில் உள்ள நம் அரசு வசூலிக்காவிட்டால் அந்தப் பணம் ஐரோப்பாவுக்குப் போகும்.