பின்னோக்கு விளையாட்டாம்! ‘ரெட்ரோ’, ‘விண்டேஜ்’: சொல் விளக்கம்

திருமலையில், அதாவது திருகோணமலையில், ஒரு பாடசாலைக் கண்காட்சி. ஒரு வகுப்பறை முழுக்கப் பழைய ரீவி கேம்களையும் இரண்டு மூன்று பழைய கொம்பியூட்டர்களையும் அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் பெரிய பதாகை: ‘பின்னோக்கு விளையாட்டுக் கூடம்’. எனக்கு முன்னால் நின்ற சின்னப் பெடியன் தகப்பனைக் கேட்டான்: “அப்பா, இது பின்னுக்கு நடந்து விளையாடுறதோ?” தகப்பன் பதாகையை இன்னொருக்கால் வாசித்துவிட்டு, “உள்ள போய்ப் பாப்பம் வா” என்றார்.

பிள்ளை கேட்டதில் பிழையில்லை. எழுதியிருந்ததைத்தான் அவன் வாசித்தான். அந்த ஒரு பதாகையோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். பிறகு ஒரு பத்திரிகைத் துணுக்கில், ஒரு காணொளித் தலைப்பில், மாணவர் ஒருவரின் கட்டுரையில் என்று அதே ‘பின்னோக்கு’ ஆங்கில ‘ரெட்ரோ’வுக்குத் தமிழாக வந்து வந்து நின்றது. இனிப் பொறுக்க ஏலாது.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடிப்போம். ‘ரெட்ரோ’ லத்தீன்; பின்பக்கமாக என்று பொருள். 1970களில் பிரெஞ்சுக்காரர் முந்தைய பத்தாண்டுகளின் உடுப்பையும் அலங்காரத்தையும் மறுபடி கொண்டாடத் தொடங்கியபோது, ‘திரும்பிப் பார்க்கிற’ என்று பொருள்படும் தங்கள் நீண்ட சொல்லைக் கத்தரித்து ‘ரெத்ரோ’ ஆக்கினார்கள். ஆங்கிலம் அதை வாங்கிக்கொண்டது. கூடவே திரிகிற ‘விண்டேஜ்’ வேறு குலம். லத்தீனில் ‘விண்டேமியா’ என்றால் திராட்சை பறிப்பு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒரு குறித்த ஆண்டின் திராட்சை அறுவடை, அந்த ஆண்டின் வைன், கடைசியில் தன் காலத்தின் தரத்தைச் சுமந்து நிற்கிற எந்தப் பழைய பொருளும் என்று விரிந்தது. பிரித்தானியாவில் பழைய கார்ப் பிரியர்கள் 1919க்கும் 1930க்கும் இடையில் செய்த கார்களைத்தான் கண்டிப்பாக ‘விண்டேஜ்’ என்பார்கள்.

ஆக, விண்டேஜ் என்றால் பொருளே பழையது. ரெட்ரோ என்றால் சாயல் பழையது. பொருள் நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். 1982இல் வந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கொம்பியூட்டர் விண்டேஜ். 2018இல் அதே உருவில் சின்னதாகச் செய்து, எச்டிஎம்ஐ வயர் குத்தி விற்ற ‘மினி’ ரெட்ரோ. ஆங்கிலத்தில் இந்தக் கோடு இப்போது அழிந்து கிடக்கிறது, இரண்டையும் ரெட்ரோ என்றே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

இனிப் ‘பின்னோக்கு’க்கு வருவோம். இதைக் கட்டியவர் லத்தீன் அகராதியைத் திறந்து, முதல் பொருளைப் பிடித்து, அதற்குத் தமிழ் போட்டுவிட்டு எழும்பிப் போயிருக்கிறார். பின்னோக்குவது யார்? நான். இன்றைக்கு 2020களில் இருந்துகொண்டு 1982ஐத் திரும்பிப் பார்ப்பவன் நான்தான். அந்தக் கொமடோர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வந்த நாளில் அது முன்னுக்குத்தான் பார்த்தது. 64 கிலோபைற் நினைவகம், மூன்று குரலில் பாடும் ‘சிட்’ என்ற ஒலிச்சில்லு எல்லாம் அன்றைக்கு ஒரு வீட்டுக் கொம்பியூட்டருக்குப் பெரிய சங்கதி. அதே ஆண்டில்தான் இங்கே ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியது. ரீவிப் பெட்டி இருந்த வீட்டுக்கு ஊரே போய்க் கூடிய காலம். அந்தப் பெட்டியில் செருகி விளையாட வந்த ஒரு சாமானுக்குப் ‘பின்னோக்கு’ என்று பெயர் வைத்தால், பார்க்கிறவனின் வேலையைப் பார்க்கப்படுகிற பொருளின் தலையில் கட்டியதாகிவிடும்.

இன்னொரு சிக்கல், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உத்தியோகம் இருக்கிறது. புதிய இயந்திரம் பழைய இயந்திரத்தின் விளையாட்டுகளையும் ஓட்டினால் அதைப் ‘பின்னோக்கிய இசைவு’ என்கிறோம். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2, முதல் பிளேஸ்டேஷனின் தட்டுகளையும் ஏற்றுக்கொண்டது. அது பின்னோக்கிய இசைவு. சரியான சொல், அங்கே உண்மையிலேயே இயந்திரம்தான் பின்னுக்குப் பார்க்கிறது. இனி ‘பின்னோக்கு விளையாட்டு’ என்று ஒருவர் எழுதினால், பழைய விளையாட்டா, பிளேஸ்டேஷன் 2இல் ஓடும் முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டா? சட்டத்தில் முன்பு நடந்தவற்றுக்கும் ஏற்புடையதாகும் விதியைப் ‘பின்னோக்கிச் செல்லுபடியாகும்’ என்பதும் பொருத்தமே. ‘ரெட்ரோ’ என்ற முன்னொட்டைக் கண்ட இடமெல்லாம் ஒரே திறப்பைப் போட்டுத் திறக்கிற பழக்கத்தைத்தான் நான் குறை சொல்கிறேன்.

அந்தப் பழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பது என்றால் கதை இன்னும் வேடிக்கையாகும். கோள்கள் பின்னுக்குப் போவதுபோல் தோன்றுகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் இதே ‘ரெட்ரோ’தான் முன்னொட்டு. நம் சாத்திரிமாருக்கு அதற்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள சொல் இருக்கிறது: வக்கிரம். சனி வக்கிரம், வியாழ வக்கிரம் என்று பஞ்சாங்கம் பார்க்கிற எந்த வீட்டிலும் தெரியும். அப்படியானால் மாரியோவை ‘வக்கிர விளையாட்டு’ என்று எழுதுவோமா? பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள்.

அடுத்தது ‘பழங்காலக் கணினி’. இது அவ்வளவு மோசமில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் கூடுதலாக எரிச்சல், ஏனென்றால் பார்வைக்கு நல்ல தமிழாக இருந்துகொண்டு பொய் சொல்கிறது. பழங்காலம் என்றால் நாம் எதைச் சொல்வோம்? பழங்கால நாணயம், பழங்காலக் கோயில். திருமலைக்காரருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்கள் சுவாமிமலைப் பாறையின் அடியில் கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் அங்கே சுழியோடி அவற்றைக் கண்டார்கள். அவை பழங்காலம். அதே கிளார்க் 1980களில் கொழும்பில் இருந்துகொண்டு கேப்ரோ என்ற கொம்பியூட்டரை மோடத்தில் இணைத்து, லொஸ் ஏஞ்சலிசில் இருந்த திரைப்பட இயக்குநர் ஒருவரோடு கடிதம் பரிமாறினார். சின்னப் பச்சைத் திரை, தூக்குவதற்கு ஒரு கைபிடி, தூக்கினால் தோள் கழன்றுவிடும் பாரம். அது பழசு. ஒரே மனிதர் தொட்ட இரண்டு பொருள்கள். கடலடித் தூணுக்கும் கேப்ரோவுக்கும் ஒரே அடைமொழி போட யாருக்கு மனம் வரும்?

உண்மையான பழங்காலக் கணினி ஒன்று வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. கிரேக்கத்தின் அன்டிகிதேரா தீவருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து 1901இல் எடுத்த வெண்கலப் பல்சக்கரப் பொறி, ஏறக்குறைய 2000 ஆண்டு வயசு, சூரிய சந்திர நிலைகளைக் கணித்தது. அதற்கு அந்தப் பெயரை விட்டுவைப்போம்.

‘செவ்வியல் விளையாட்டு’ என்று எழுதுபவர்களும் உண்டு. சங்கப் பாடலுக்கும் பக்மானுக்கும் ஒரே பட்டமா? விடுங்கள்.

இதையெல்லாம் பார்த்தால், பெயர் வைப்பவர்கள் அந்தப் பொருளைக் கையில் எடுத்ததே இல்லையோ என்று தோன்றும். ஒரு பழைய கேம் கசற்றைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் சில ஆண்டு கிடந்தால் அடியிலுள்ள இணைப்புப் பற்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். செம்புக் குடத்தில் ஏறுகிற அதே களிம்புதான், அதே சொல்தான். இதற்கு எந்தக் கலைச்சொல் குழுவும் கூட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததுபோல வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டு இன்னும் கெடும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் தொட்டு, பல்லுக்குப் பல் துடைக்க வேண்டும். பஞ்சு முதலில் கறுக்கும், பிறகு பச்சையாகும், பிறகு வெள்ளையாகவே வரும். இதைச் செய்துகொண்டிருக்கிற ஒருவரைக் கேளுங்கள், என்ன துடைக்கிறீர்கள் என்று. ‘பழைய கேம் கசற்’ என்பார். ‘பழைய’. அவ்வளவுதான். சொல் அங்கேயே இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது. பொருளே பழையதென்றால் ‘பழ’ என்பதை முன்னால் வைத்தால் போதும்: பழங்கணினி, பழவிளையாட்டு. பழமை என்ற பண்புப்பெயரில் ‘மை’ போய், வல்லினம் வந்தால் அதன் இன மெல்லினம் தோன்றும்; நன்னூல் இதை ‘ஈறுபோதல்’, ‘இனமிகல்’ என்கிறது. பழந்தமிழ், பழங்கதை, பழஞ்சோறு எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். கணனி என்று எழுதிப் பழகிய எங்கள் பக்கத்தவர் பழங்கணனி என்றும் எழுதட்டும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

உடனே ஒருவர் கேட்பார்: பழங்கணினி என்றால் பழத்தால் செய்த கணினி என்று விளங்காதா, அதிலும் ஆப்பிள் என்றொரு கொம்பனி இருக்கையில்? விளங்காது. சாப்பிடுகிற பழம் வல்லினத்துக்கு முன்னால் தன் மகரத்தை இழந்து ஒற்று மிகும்: பழக்கடை, பழச்சாறு, பழத்தோட்டம். பழமையின் ‘பழ’ மெல்லினம் ஏற்கும்: பழங்கடை, பழஞ்சொல், பழந்தோட்டம். பழக்கடையில் மாம்பழம் வாங்கலாம், பழங்கடையில் ஓடு ஒழுகும். தமிழின் காது இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதையும் மீறிப் பழவாசனை அடிக்கிறது என்றால், ஆங்கிலத்தின் ‘விண்டேஜ்’ முழுக்க முழுக்கத் திராட்சைக் குலை. அவர்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லையே.

ரெட்ரோவுக்குப் ‘பழம்பாணி’. பொருள் புதிது, பாணி பழையது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. 2016இல் நின்டெண்டோ கொம்பனி 30 விளையாட்டுகளை உள்ளே அடைத்து விற்ற சின்ன ரீவி கேம் பழம்பாணிப் பெட்டி. அதற்குள் இருப்பது இக்காலச் சில்லு, பழைய இயந்திரத்தைப் போல நடிக்கிற மென்பொருள். 2014இல் வந்த ‘ஷவல் நைட்’ பெரிய கட்டங்களால் வரைந்தது போன்ற படமும் கீச்சுக் கீச்சென்ற இசையுமாக 1980களை நினைவூட்டினாலும் புதிய விளையாட்டு; ஆகவே பழம்பாணி விளையாட்டு. ஆனால் அந்த நாளில் வீடுவீடாக ஓடிய, மேலட்டையில் ‘99999 விளையாட்டு’ என்று போட்டு உள்ளே ஒரு கைப்பிடியளவு விளையாட்டுகளையே திரும்பத் திரும்பக் காட்டிய அந்தப் போலிக் கசற் இருக்கிறதே, அது போலியானாலும் பழவிளையாட்டுத்தான். பொய் சொன்னதால் வயசு குறைந்துவிடாது.

இந்தப் பிரிவு வெறும் இலக்கணச் சவடால் என்று நினைக்க வேண்டாம். வாங்கப் போகிறவருக்குக் காசு விஷயம். ஸ்பெக்ட்ரம் என்றொரு வீட்டுக் கொம்பியூட்டர். ‘ரெட்ரோ ஸ்பெக்ட்ரம்’ என்று விளம்பரம் போட்டால், 1982இன் றப்பர் விசைப் பெட்டியா, 2024இல் அதே தோற்றத்தில் வெளியிட்டதா என்று எப்படித் தெரியும்? முதலாவதற்கு கசற் றெக்கோடரும் பழைய ரீவியும் பொறுமையும் வேண்டும். ஒரு விளையாட்டு ஏறுவதற்குள் தேத்தண்ணீர் வைத்துக் குடித்துவிடலாம். இரண்டாவதைப் புதிய ரீவியில் குத்தினால் ஓடும். திரையில் பறக்கிற வாத்தைத் துவக்கால் சுடும் விளையாட்டும் அப்படித்தான். பழைய ஒளித்துவக்கு குழாய் ரீவி படம் வரைகிற நேரக்கணக்கை நம்பி வேலை செய்தது; தட்டை ரீவியில் வாத்து விழாது. பழவிளையாட்டு என்று எழுதியிருந்தால் குழாய் ரீவி தேட வேண்டும் என்று தெரியும். ‘பின்னோக்கு’ என்று எழுதியிருந்தால் ஒன்றும் தெரியாது, பின்னுக்கு நடந்து பார்ப்பதைத் தவிர.

எல்லைச் சிக்கல் ஒன்று இருப்பதை மறைக்கவில்லை. உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கொமடோர் 64 இருக்கிறது. கூடு அசல், மஞ்சள் பிடித்த நிறம்கூட அசல். உள்பலகை உப்பில் அரித்துப் போனதால் அதைக் கழற்றிவிட்டு, அதே கூட்டுக்குள் பொருந்துகிற மாதிரி இப்போது செய்து விற்கிற புதிய பலகையைப் பூட்டியிருக்கிறார். அவர் அதைப் பழங்கணினி என்கிறார். நான் பழம்பாணி என்கிறேன், ஓடுவது புதிய பலகை என்பதால். மின்தேக்கி நாலைந்து மாற்றியிருந்தால் நானும் பழங்கணினி என்றே சொல்லியிருப்பேன்; முழுப் பலகையும் மாறினால் ஏலாது. அவருக்கு இதில் கொஞ்சம் கோபம். அடுத்த கண்காட்சிக்கு அதைக் கொண்டுவந்தால் அட்டையில் இப்படி எழுதட்டும், இரண்டு பேருக்கும் சம்மதம்: கூடு பழசு, பலகை புதிது.